தம்பியின் வட்ட ரம்பமும் மண்ணெண்ணெய் அபிஷேகமும்

தம்பி அவர்கள் சிவபதம் அடைந்து ஒரு வருஷம் ஆகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவின்முறையாருக்கும், டத்தோ கிராமாட் அண்டை அயலாருக்கும், மர மில்லில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் தமக்கை எழுதிக்கொள்வது. இந்த நினைவு மலரின் முன்பக்கத்தில் இருப்பது தம்பியின் மூத்த மகன் எழுதியது. படித்த பிள்ளை, நன்றாகத்தான் எழுதியிருப்பான். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். ஆனாலும் தம்பி பிறந்தபோது அந்த வீட்டில் இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான். ஆகையால் எனக்குத் தெரிந்ததை என் வேகத்தில் சொல்கிறேன்.

சொல்ல வேண்டிய காரணமும் ஒன்று உண்டு. சீமையிலிருந்து வந்த புது ரம்பத்துக்குப் புளி போட்டு விளக்கியவர் என்று தம்பியைப் பதினாறு வருஷமாக ஊர் சொல்லிச் சிரித்தது. மயானத்துக்குப் போன வழியில்கூட இரண்டு பேர் அதைச் சொல்லிச் சிரித்தார்களாம். நல்ல மனதோடு சிரித்தவர்கள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதையில் ஒரு தப்பு இருக்கிறது. அதைத் திருத்தாமல் நான் கண்ணை மூடக் கூடாது.

நாங்கள் பிறந்தது அக்கரையில், செபராங் பிறையில், ஒரு கரும்புத் தோட்டத்து லயத்தில். அம்மாவும் அப்பாவும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போனார்கள். சித்தப்பா எங்கள் இருவரையும் சம்பான் படகில் ஏற்றிப் பினாங்குக்குக் கொண்டுவந்தார். என்னை ஒரு மாட்டுவண்டிக்காரருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். தம்பி ஜெலுத்தோங் கடலோரத்தில் இருந்த மர மில்லில் மரம் தூக்கச் சேர்ந்தார். முதுகில் தழும்பு விழாத நாள் கிடையாது. ஒரு வார்த்தை முனகினதும் கிடையாது. அந்த விஷயத்தில் அவர் அப்பாவைப் போல. நான் யாரைப் போல என்று கேட்க வேண்டாம்.

அந்த மில்லில் நீராவி எஞ்சின் ஓடும். எஞ்சினிலிருந்து பெரிய தோல் பட்டை போய் வட்ட ரம்பத்தைச் சுழற்றும். வட்ட ரம்பம் என்றால் வண்டிச் சக்கரம் அளவுக்கு எஃகுத் தகடு, சுற்றிலும் பல். காட்டு மரத்தை அதன் வாயில் கொடுத்தால் பலகையாக அந்தப் பக்கம் விழும். காலையில் நன்றாக அறுக்கும். மத்தியானத்துக்கு மேல் புகையும், மரம் கருகும். மழுங்கிவிட்டது என்று உடனே கழற்றி அரம் போட்டுப் பல்லைத் தீட்டுவார்கள். தீட்டித் தீட்டி ரம்பம் நிலா தேய்கிற மாதிரி தேய்ந்து, வருஷத்துக்கு மூன்று ரம்பம் குப்பைக்குப் போகும்.

ஒருநாள் தம்பி மரத்தை இறக்கி வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே, "அது மழுங்கல லா, அழுக்காயிருக்கு" என்றார். மரத்துப் பிசின் சூட்டில் உருகிப் பல் இடுக்கிலெல்லாம் அப்பிக் கருப்பாகக் காய்ந்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, மூங்கில் சீவலால் இடுக்கெல்லாம் சுரண்டி, துடைத்து, மெல்லிசாக எஞ்சின் எண்ணெய் தடவிக் கொடுத்தார். அரமே படாமல் புதுசு போல அறுத்தது. மில் முதலாளி சீனத் தவுக்கே. அன்றைக்கே தம்பியை ரம்ப அறைக்கு மாற்றினார். அதற்குப் பிறகு சாகும்வரை அந்த அறைச் சாவி தம்பியின் இடுப்பில்தான் இருந்தது.

ரம்ப அறையில் தம்பி வைத்ததுதான் சட்டம். ரம்பத்தைச் சுவரில் சாய்க்கக் கூடாது, வளைந்துவிடும். ஆணியில் தொங்கவிட வேண்டும். சூடாக இருக்கும்போது தண்ணீர் காட்டக் கூடாது. இரும்பால் சுரண்டக் கூடாது. ஈரக் கையால் தொடக் கூடாது. தினமும் ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்து மரக் கட்டையால் தட்டிக் காது கொடுப்பார். கோயில் மணி போல் நாதம் வந்தால் நல்லது. தகரம் போல் வந்தால் எங்கோ விரிசல்.

இந்தப் புத்தி மில்லோடு நிற்கவில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் கறிச்சோறு சாப்பிடப் போனால் பரிமாறுகிறவர் கையிலிருக்கும் கத்தியை வாங்கித் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார். "அண்ணே, சாப்பிட வந்தீங்களா, சோதனை போட வந்தீங்களா?" என்று அவர்கள் கேட்பார்கள். சவரக் கடையிலும் இதே கதை. சவரக்காரர் ஒருவர் கத்தியை மடக்கி வைத்து, "நீங்களே செரைச்சுக்குங்க" என்று கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டார்.

பெண் பார்க்கப் பாலிக் புலாவ் போனோம். சாதிக்காய்த் தோட்டத்தில் வேலை செய்கிற நல்ல குடும்பம். பெண் காப்பி கொண்டுவந்தாள். தம்பி பெண்ணைப் பார்க்கவில்லை. தின்பண்டத்தோடு டுரியான் பழமும் வைத்திருந்தார்கள்; அதைப் பிளந்த பாராங் கத்தியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று.

"இதைத் தொடைச்சு வைக்கிறது யாரு?" என்றார்.

"நான்தான்" என்றது பெண்.

"என்ன போட்டு?"

"சாம்பலும் துணியும். தண்ணி காட்ட மாட்டேன்."

தம்பி என் பக்கம் திரும்பி, "சரிக்கா" என்றார். அப்படித்தான் செல்லம் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். அவளுக்குத் தலைமுடி எவ்வளவு நீளம் என்று கல்யாணத்துக்கு மறுநாள்தான் தம்பிக்குத் தெரியும்.

இனி அந்த ரம்பத்தின் கதை. இந்தப் பக்கத்தை மில்லில் உள்ளவர்கள் நன்றாகப் படிக்க வேண்டும்.

ஆயுத பூசைக்கு முந்தின வாரம் சீமையிலிருந்து ஒரு புது ரம்பம் கப்பலில் வந்து இறங்கியது. அதுவரை வந்ததிலேயே பெரியது. விஜயதசமி காலையில் துறைமுகத்துத் துரை ஒருவர் மில்லுக்கு வருவதாக ஏற்பாடு. துறைமுகப் பாலத்துக்கு மரம் எங்கே வாங்கலாம் என்று பார்க்க வருகிறார். அவர் முன்னால் அந்த ரம்பம் ஒரு பாலாவ் மரத்தை அறுத்துக் காட்ட வேண்டும். பாலாவ் என்றால் மரமா கல்லா என்று சந்தேகப்படுகிற மாதிரி மரம். தம்பி இரண்டு நாள் அந்த ரம்பத்தைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி துடைத்து, எண்ணெய் தடவி, பூசைக்கு வெள்ளைத் துணி விரித்த பலகையில் படுக்க வைத்துவிட்டு வந்தார்.

செல்லம் தலைப் பிரசவத்துக்குப் பாலிக் புலாவ் போயிருந்தாள். ஆகவே பூசைக்கு வேண்டியதைச் செய்ய வேண்டியவள் நான். என் வீட்டுக்காரர் அப்போது நல்ல திடமாக இருந்தார். எனக்கு மஞ்சள் குங்குமத்துக்குக் குறையில்லை. டத்தோ கிராமாட்டில் என் வீட்டுக் குத்துவிளக்கு போல் மின்னுகிற விளக்கு எவள் வீட்டிலும் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, பார்த்தவர்கள் சொல்வார்கள். அந்தக் கையால் ரம்பத்துக்குச் சந்தனம் சாத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. விடியற்காலையில் சந்தனம் அரைத்து எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். தம்பி வாழையிலையும் பொரியும் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். ஜாகா, அதாவது வாசல் காவல்காரர், தினமும் சோறு கொண்டுபோகிற என்னைத் தெரிந்தவர். பூசைக்கென்று தம்பி விட்டுப்போன சாவியால் ரம்ப அறையைத் திறந்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

சந்தனத்தை வைத்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. மறுபடியும் வைத்தேன். மறுபடியும் ஓடியது. தம்பி தடவிய எண்ணெய்! பூசைச் சாமானில் இத்தனை எண்ணெய்ப் பிசுக்கா என்று எனக்குக் கோபம் வந்தது. மில் கூலிகள் சோறு ஆக்குகிற இடத்துக்குப் போனேன். ஒரு உருண்டை புளியும் ஒரு கை உப்பும் எடுத்து வந்தேன். என் குத்துவிளக்கை எப்படித் தேய்ப்பேனோ அப்படி, இரண்டு பக்கமும், ஒரு பல் விடாமல் தேய்த்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

பித்தளை என்றால் பொன்னாக வந்திருக்கும். இது எஃகு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளையாக இருந்த தகடு சாம்பலாகி, சாம்பல் கருப்பாகி, அமாவாசை மாதிரி நின்றது. என்ன செய்வேன்? கொண்டுபோன சந்தனம் முழுவதையும் கனமாக அப்பினேன். கருப்பு தெரியாமல் போயிற்று. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். அறுபத்து நான்கு பொட்டு. தூர நின்று பார்த்தால் மாரியம்மன் திருவிழாத் தேர் மாதிரி இருந்தது. நானே ஒரு நிமிஷம் அதைப் பார்த்து மயங்கினேன்.

எல்லோரும் வந்துவிட்டார்கள். தவுக்கே பார்த்துவிட்டு, "பாகுஸ்! பாகுஸ்!" என்று நல்லதாகச் சொன்னார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பூசை செய்ய வந்த கோயில் பண்டாரம் கற்பூரம் காட்டினார். அப்போதுதான் தம்பி இலைக்கட்டோடு ஓடி வந்தார். ரம்பத்தைப் பார்த்தார். பொரி மூட்டை கையிலிருந்து விழுந்தது. குனிந்து முகர்ந்தார். சந்தனத்தில் ஓர் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். உள்ளே கருப்பு.

தவுக்கே எட்டிப் பார்த்தார். அவர் முகமும் கருத்தது. நம்மவர்களோடு பழகி அவருக்குத் தமிழ் நன்றாக வரும்.

"என்னா லா இது? கப்பல்ல வந்த சாமான்! யாரு இதுல கை வெச்சது?"

நான் வாயைத் திறக்கத்தான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் அத்தனை ஆண்கள், அவர்கள் பெண்சாதிமார், எல்லோரும் என்னைத் தம்பியின் அக்காள் என்று மரியாதையாக அழைத்து முன்னால் நிறுத்தியிருந்தார்கள். தம்பி என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் புளி இருந்தது. நான் கையைப் புடவைக்குள் மறைத்தேன்.

"நான்தான் தவுக்கே" என்றார் தம்பி. "பூசை நாளாச்சேன்னு புளி போட்டு வெளக்கிட்டேன்."

மரம் தள்ளுகிற கோவிந்தன் வாய்விட்டுச் சிரித்தான். "நீங்களா அண்ணே? நான் ஈரக் கையோட தொட்டதுக்கு மூணு நாளு பேசாம இருந்தீங்களே!"

"அதான்டா, எனக்கே புத்தி கெட்டுப் போச்சு."

தவுக்கே சிரிக்கவில்லை. "நாளைக்குத் துரை முன்னால மரம் கருகிச்சு, இந்த ரூம்புக்குள்ள உன் காலு படக் கூடாது. பழையபடி மரம் தூக்கப் போ" என்றார்.

ஜெலுத்தோங் கடல் காற்று எப்படி என்று உங்களுக்குத் தெரியும். புளியும் உப்பும் பட்ட எஃகை அப்படியே விட்டால் மறுநாள் காலையில் செந்துரு பூத்துவிடும். உடனே கழுவ வேண்டும். ஆனால் பண்டாரம் குறுக்கே நின்றார்.

"பூசையில வெச்ச ஆயுதத்த நாளைக்குக் காலைல வரைக்கும் தொடக் கூடாது. தெரியுமில்ல?"

தம்பி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு மிகவும் பணிவாகக் கேட்டார்: "சாமி, கோயில்ல சந்தனக் காப்பு சாத்தினா அப்படியேவா விட்டுருவீங்க?"

"எப்படி விடுவோம்? கலைச்சு அபிஷேகம் பண்ணணும்."

"அப்ப இதுக்கும் காப்பு சாத்தியாச்சு. அபிஷேகம் பண்ணாம விட்டா குத்தமில்லையா?"

பண்டாரம் யோசித்தார். "குத்தந்தான்" என்றார்.

"அப்ப ஆரம்பிக்கலாம் சாமி. நீங்க மந்திரத்த சொல்லுங்க. நான் ஊத்துறேன்."

"பால் எங்கே?"

"இது இரும்புச் சாமி. பால் ஒத்துக்காது. மொத அபிஷேகம் சோடாத் தண்ணி."

சலவைக்காரர்கள் போடுகிற சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றினால் புளிப்பு முறியும் என்று தம்பிக்குத் தெரியும். ஊற்றினார். சந்தனம் கரைந்து ஓடியது. கோவிந்தனும் மற்றவர்களும் துணியால் ஈரம் போக ஒற்றினார்கள். பண்டாரம் மணியை ஆட்டிக்கொண்டே, "அடுத்தது பஞ்சாமிர்தம்" என்றார்.

"சாமி, பஞ்சாமிர்தம் பல்லுல ஒட்டினா நாளைக்கு ஈதான் மரம் அறுக்கும். அடுத்தது மண்ணெண்ணெய்."

"மண்ணெண்ணெய்க்கு மந்திரம் கெடையாதுப்பா!"

"தேனுக்கு உள்ளதச் சொல்லுங்க. ரம்பத்துக்கு அதான் தேன்."

தவுக்கே பயபக்தியோடு முன்னால் வந்து தம் கையாலேயே டின்னைத் தூக்கி ஊற்றினார். தம்பி நாரால் தேய்த்தார். சலித்த சாம்பல் தொட்டுக் கருப்பைத் தேய்த்தார். அறுபத்து நான்கு பல்லையும் மூங்கில் சீவலால் ஒவ்வொன்றாகக் குடைந்தார். நான் வைத்த பொட்டு ஒவ்வொன்றும் போகப் போக என் நெஞ்சில் ஒரு கல் இறங்கியது. பண்டாரத்துக்கோ உற்சாகம் ஏறிவிட்டது. அபிஷேகம் முடிந்ததும் தீபாராதனை என்று கற்பூரத் தட்டைக் கொளுத்திக்கொண்டு மண்ணெண்ணெய் சொட்டுகிற ரம்பத்தின் பக்கம் வந்தார்.

தம்பி ஒரே பாய்ச்சல். பண்டாரத்தை அப்படியே இடுப்போடு தூக்கி வாசலுக்கு வெளியே கொண்டுபோய் இறக்கினார். "தீபாராதனை இங்கேருந்தே காட்டுங்க சாமி! நல்லாத் தெரியும்!"

பண்டாரம் வாசலில் நின்றபடியே காட்டினார். எல்லோரும் அங்கிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கடைசியாக, கோயிலில் எண்ணெய்க் காப்பு சாத்துகிற மாதிரி, தம்பி எஞ்சின் எண்ணெயை மெல்லிசாகத் தடவினார். நல்லெண்ணெய் வேண்டும் என்று பண்டாரம் வாசலிலிருந்து கத்தினார். அது நாள்பட்டால் பசையாகும் என்று தம்பி கேட்கவில்லை. பிறகு ரம்பத்தைத் தூக்கிக் கட்டையால் தட்டினார். மணி போல் ஒலித்தது. ஆனால் தகட்டில் கருமை முழுவதும் போகவில்லை. மேகம் படர்ந்த மாதிரி திட்டுத் திட்டாக நின்றது.

மறுநாள் காலையில் நானும் போய் நின்றேன். போகாமல் இருக்க முடியவில்லை. துரை வெள்ளைத் தொப்பியோடு வந்தார். ரம்பத்தில் இருந்த திட்டுகளைக் கைத்தடியால் காட்டி ஏதோ கேட்டார். தவுக்கே தம்பியைப் பார்த்தார். தம்பி எஞ்சின்காரருக்குக் கையைக் காட்டினார். பட்டை ஓடியது. ரம்பம் சுழன்றது. கோவிந்தன் பாலாவ் மரத்தை மெதுவாக அதன் வாயில் கொடுத்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் திறந்து வைத்திருந்தேன். கருகல் வாசனை வந்தால் தம்பி பிழைப்பு போயிற்று. என்னால் போயிற்று. மரத்தூள் வாசனை வந்தது. பச்சை மரத்து வாசனை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்தபோது பலகை அந்தப் பக்கம் விழுந்துகொண்டிருந்தது. துரை குனிந்து அதன் முகத்தைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கை மாதிரி வழவழவென்று இருந்தது. தவுக்கே பண்டாரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அபிஷேகத்தால்தான் அறுத்தது என்று அவர் நம்பினார். அன்றிலிருந்து அந்த மில்லில் வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு மண்ணெண்ணெய் அபிஷேகம் நடக்கிறது. சந்தனம் பலகையின் காலுக்கு மட்டும்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் தம்பியிடம், "நான் சொல்லியிருக்கணும்டா" என்றேன்.

"என்னத்தைக்கா? சோறு போடு, பசிக்குது" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவேயில்லை.

தம்பிக்குக் கடைசி இரண்டு வருஷம் மரத்தூளால் நெஞ்சு அடைத்தது. படுக்கையில் இருந்தபோதும் ரம்ப அறையில் என்ன நடக்கிறது என்று கோவிந்தனை வரவழைத்துக் கேட்பார். அவஸ்தைப்படாமல், மகன் மடியில் தலை வைத்து, அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், மருந்து வாங்க ஓடிய அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எஞ்சினை அரை நாள் நிறுத்தி, தாமே வந்து ஊதுபத்தி ஏற்றிய தவுக்கேக்கு நன்றி. பாடைக்கு நல்ல மரத்தைத் தாமே அறுத்துக் கொண்டுவந்த கோவிந்தனுக்கும் மில் ஆட்களுக்கும், பாலிக் புலாவிலிருந்து காரியத்துக்கு வண்டி நிறையக் காய்கறி ஏற்றிவந்த செல்லத்தின் அண்ணன்மாருக்கும், இரண்டு நாள் தேவாரம் பாடிய பண்டாரத்துக்கும் நன்றி.

எல்லோருக்கும் கடைசியாகத் தம்பிக்கு ஒரு நன்றி. பதினாறு வருஷமாக ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வொரு பூசையிலும் ஊர் அவரைப் புளி சொல்லிக் கேலி செய்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அந்த நேரத்தில் மறந்தும் நான் இருக்கும் பக்கம் திரும்ப மாட்டார். பெண்சாதியிடம்கூட அவர் சொல்லவில்லை. செல்லம், இதை நீயும் இப்போதுதான் படிக்கிறாய் என்று நினைக்கிறேன்.

மில்லில் உள்ளவர்களே, புளி போட்டவள் நான். உப்பும் நான்தான் போட்டேன். இனிமேல் சிரிப்பதானால் ஆளைப் பார்த்துச் சிரியுங்கள். இன்றைக்குப் பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டு வருகிறவள் நான்தான்.